கைராசியும் கணக்கும்

ஓர் ஊருக்குப் புதிதாகக் குடிவருகிறவர் முதல் வாரத்திலேயே அண்டை வீட்டாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் சங்கதிகளில், பால், தண்ணீர், பள்ளிக்கூடம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக வருவது, இங்கே நல்ல டாக்டர் யார் என்ற கேள்விதான். அதற்குக் கிடைக்கும் பதிலும் எந்த ஊரிலும் ஏறக்குறைய ஒரே மாதிரியாகவே இருக்கும். 'இவர் கைராசிக்காரர், ஒரு ஊசி போட்டால் மறுநாளே எழுந்து உட்கார்ந்துவிடலாம்' என்பார் ஒருவர். 'அவரிடம் டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும், அவ்வளவு கூட்டம்' என்பார் மற்றொருவர். 'ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்போது இருக்கிற அம்மா தங்கமானவர், ஆனால் எத்தனை நாள் இருப்பாரோ' என்று பெருமூச்சு விடுவார் மூன்றாமவர். முந்நூறு ரூபாய்க்குப் புடவை வாங்கினாலும் முந்தானையை விரித்து வெளிச்சத்தில் பிடித்து இழை பார்த்து வாங்குகிற நாம், குடும்பத்தின் உயிரை ஒப்படைக்கிற இடத்தை மதிப்பிடுவதற்கு வைத்திருக்கும் சாதனங்கள் இவ்வளவே: ராசி, கூட்டம், முகராசி.

கைராசி என்ற நம்பிக்கையை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. நாடியைப் பிடித்துப் பார்த்து, 'பயப்படாதீங்க, ஒண்ணுமில்லை' என்று வைத்தியர் சொல்லும் குரலிலேயே நோயாளியின் பாதி வேதனை தணிந்துவிடுவதைக் கண்டவர்கள் அநேகர். வண்ணாரப்பேட்டையில் ஐந்து ரூபாய் டாக்டர் என்று பெயர் பெற்று, பல பத்தாண்டுகள் ஏழைகளுக்குச் சிகிச்சை செய்த டாக்டர் ஜெயச்சந்திரன் 2018இல் காலமானபோது அந்த வட்டாரம் கண்ணீர் விட்டதென்றால், அந்தப் பிரியத்தை அளக்கும் கருவி எந்த ஆய்வகத்திலும் இல்லை. ஆயினும், ராசி என்று நாம் சொல்வதைச் சற்றுப் பிரித்துப் பார்த்தால், அதற்குள் இயற்கையின் பங்கு பெரிதாகவும் வைத்தியரின் பங்கு சிறிதாகவும் இருப்பது தெரியும். சளியும், சாதாரண வைரஸ் சுரமும், வயிற்றுப்போக்கில் பெரும்பாலானவையும், மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஐந்தாறு நாளில் தாமே விலகிப்போகும் சுபாவமுடையவை. மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு நாலாம் நாள் வைத்தியரிடம் போகிறோம். அவர் ஓர் ஊசி போடுகிறார், அல்லது ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுகிறார். ஐந்தாம் நாள் சுரம் விடுகிறது. புகழ் ஊசிக்குப் போய்ச் சேர்கிறது. 'ஊசி தேவையில்லை அம்மா, கஞ்சி குடிக்கட்டும், நிறையத் தண்ணீர் கொடுங்கள், மூச்சு வாங்கினாலோ, மயக்கமாகக் கிடந்தாலோ உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள்' என்று சாஸ்திரப்படி சொல்லி அனுப்பும் வைத்தியரோ ராசியில்லாதவர் என்று பெயரெடுத்து, மாலையில் காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறார். நம்முடைய மெச்சுதலே நல்ல வைத்தியத்துக்கு அபராதம் விதிப்பதாக அமைந்துவிடுகிற விசித்திரம் இது.

மக்களின் பிரியத்தை மட்டும் நம்பி ஒரு வைத்தியசாலையை மதிப்பிடுவது எவ்வளவு தூரம் ஏமாற்றக்கூடும் என்பதற்கு இங்கிலாந்தில் நடந்த ஒரு பயங்கரமான திருஷ்டாந்தம் உண்டு. மான்செஸ்டர் நகரை அடுத்த ஹைட் என்ற ஊரில், 1992 முதல் தனியாக வைத்தியசாலை நடத்திய ஹரால்ட் ஷிப்மன் என்ற குடும்ப வைத்தியரிடம் சுமார் மூவாயிரம் பேர் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். முதியவர்கள் கூப்பிட்டால் வீட்டுக்கே வந்து பார்ப்பார், நின்று பேசுவார் என்று ஊரே அவரைக் கொண்டாடியது. அந்த மனிதர், தம்மை நம்பிய மூதாட்டிகளுக்கு டயாமார்ஃபின் ஊசி போட்டுக் கொன்றவர் என்று 2000 ஜனவரியில் நீதிமன்றம் 15 கொலைகளுக்காகத் தண்டித்தது; டேம் ஜேனட் ஸ்மித் தலைமையில் அமைந்த விசாரணை, 2002இல், கொல்லப்பட்டவர்கள் 215 பேர் என்று நிர்ணயித்தது. சந்தேகம் முதலில் எழுந்தது எங்கே என்பதுதான் கவனிக்கத்தக்கது. அருகிலிருந்த மற்றொரு வைத்தியசாலையைச் சேர்ந்த லிண்டா ரெனால்ட்ஸ் என்ற பெண் வைத்தியர், தகனத்துக்கான பத்திரங்களில் இரண்டாவது கையொப்பத்துக்காகத் தங்களிடம் வந்துகொண்டிருந்த காகிதங்களின் எண்ணிக்கையைப் பார்த்துத் திடுக்கிட்டு, 1998 மார்ச்சில் அதிகாரிகளிடம் முறையிட்டார். அப்போது நடந்த போலீஸ் விசாரணை ஒன்றையும் கண்டுபிடிக்காமல் முடிந்துபோய், செப்டம்பரில்தான் கைது நடந்தது. ஒவ்வொரு வைத்தியரின் பதிவேட்டிலும் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்பதை ஒழுங்காகக் கணக்கிட்டுவந்திருந்தால் பல ஆண்டு முன்பே அந்தப் பெயர் தனித்து நின்றிருக்கும் என்று பின்னாளில் புள்ளியியல் அறிஞர்கள் காட்டினார்கள். நம் வைத்தியர்களை அந்த ராட்சசனோடு சேர்த்துப் பேசுவது என் நோக்கமல்ல. அவன் விதிவிலக்கிலும் விதிவிலக்கு. மூவாயிரம் பேரின் அன்பு காணாததை ஒரு காகிதக் கட்டின் கனம் காட்டிக்கொடுத்தது என்ற அளவில் மட்டும் அந்தச் சரித்திரம் நமக்கு வேண்டும்.

இனி, சர்க்கார் தன் வைத்தியசாலைகளை எப்படி மதிப்பிடுகிறது என்று பார்க்கலாம். சமவெளியில் முப்பதாயிரம் ஜனத்தொகைக்கு ஒன்று, மலைப்பகுதியில் இருபதாயிரத்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் அமைந்த ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு, 2013இல் வகுக்கப்பட்ட தேசியத் தரச்சான்று முறை இருக்கிறது. என்னென்ன சேவைகள் கிடைக்கின்றன, நோயாளியின் உரிமைகள் மதிக்கப்படுகின்றனவா, ஆளும் கருவியும் போதுமா, தொற்றுத் தடுப்பு எப்படி, சிகிச்சை எப்படி, பலன் என்ன என்பன போன்ற எட்டுத் தலைப்புகளில் மதிப்பெண் இட்டு, நூற்றுக்கு 70 எடுத்தால் மூன்றாண்டுக்குச் சான்றிதழ் தருகிறார்கள். சுத்தத்துக்கென்று 2015 முதல் தனிப் பரிசும் உண்டு. இவற்றால் விளைந்த நன்மையை மறுப்பது அநியாயம். ஒழுகாத கூரை, தண்ணீர் வரும் கழிப்பறை, பிரசவ அறையில் திரைச்சீலை, மஞ்சள், சிவப்பு, நீலம் என்று பிரித்து வைத்த குப்பைத் தொட்டிகள் ஆகிய எல்லாம், ஒரு தலைமுறைக்கு முன் சர்க்கார் ஆஸ்பத்திரியைக் கண்டவர்களுக்கு ஆச்சரியமாகவே இருக்கும். ஆனால், குழு வரும் தேதி முன்கூட்டியே தெரிந்துவிடுவதால், அந்த வாரத்தில் சுவருக்குப் புதுச் சுண்ணாம்பும் பதிவேடுகளுக்குப் புது அட்டையும் ஏறுவதைத் தடுக்க எந்தச் சான்றிதழாலும் முடிவதில்லை.

மருத்துவத்தின் தரத்தை அளப்பது எப்படி என்ற ஆராய்ச்சிக்கு மூலபுருஷராகக் கருதப்படும் அவெடிஸ் டொனபீடியன், 1966இல் எழுதிய கட்டுரையில் மூன்று வாயில்களைக் காட்டினார்: வைத்தியசாலையிடம் என்ன இருக்கிறது, அது என்ன செய்கிறது, அதனால் நோயாளிக்கு என்ன நேர்கிறது. நம்முடைய மதிப்பீடுகள் பெரும்பாலும் முதல் வாயிலிலேயே நின்றுவிடுகின்றன. அந்த முதல் வாயிலில் தமிழ்நாடு பெருமைப்படத் தக்க இடத்தில் இருக்கிறது என்பது உண்மையே; 1994இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மாத்திரைகளை மொத்தமாக வாங்கி, ஆய்வகத்தில் சோதித்து, நிலையங்களுக்கு அனுப்பும் ஏற்பாடு மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் போன ஏற்பாடு. ஆனால், பெயர்பெற்ற பிரசவ மருத்துவ நூலின் ஆசிரியரும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தருமான டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் அமைந்த குழு, 1962ஆம் ஆண்டு வாக்கிலேயே, புதிய நிலையங்களைத் திறந்துகொண்டே போகுமுன் இருப்பவற்றின் தரத்தைப் பலப்படுத்துங்கள் என்று சொன்னதை நினைத்துப் பார்க்கும்போது, திறப்பு விழாக் கல்வெட்டின் மேல் நமக்குள்ள மோகம் எவ்வளவு பழையது என்பது விளங்குகிறது.

இரண்டாவது வாயிலுக்குள், அதாவது வைத்தியசாலை என்ன செய்கிறது என்பதற்குள், நுழைவது எளிதல்ல. ஏனெனில், யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் எல்லாருமே ஒழுங்காகத்தான் செய்வார்கள். இதற்கு ஓர் உபாயம் கண்ட பொருளாதார அறிஞர்கள் ஜிஷ்ணு தாஸ் முதலியோர், மத்தியப் பிரதேசக் கிராமங்களிலும் டில்லியிலும், உள்ளூர் ஆட்களையே பல வாரம் பயிற்றி, நோயாளி வேஷத்தில் வைத்தியர்களிடம் அனுப்பினார்கள். ஒருவர் மாரடைப்புக்கு முன்னோடியான நெஞ்சுவலியோடு போவார், ஒருவர் ஆஸ்துமாவோடு, ஒருவர், வீட்டில் குழந்தைக்குச் சீதபேதி என்று மருந்து கேட்பார். 2012இல் வெளியான முடிவு மனத்தை வாட்டக்கூடியது. கிராமங்களில் சராசரியாக நான்கு நிமிடத்துக்கும் குறைவாகவே பேச்சு நடந்தது. நோய் இன்னது என்று சொல்லப்பட்டது ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான். அப்படிச் சொன்னவற்றிலும் பாதிக்குப் பாதி பிழை. அவ்வைத்தியர்களில் பட்டம் பெறாதவர்கள் பலர் இருந்தார்கள் என்பதால், இது நம் ஊர் நிலைமையல்ல என்று தமிழ்நாட்டார் ஆறுதல் கொள்ளலாம். எனினும், அதே ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட மற்றொரு முடிவு நம்மையும் விடாது: பகலில் சர்க்கார் நிலையத்திலும் மாலையில் சொந்தக் கிளினிக்கிலும் உட்காரும் அதே வைத்தியர், சொந்தக் கிளினிக்கில் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறார், கூடுதல் கேள்வி கேட்கிறார், சரியான மருந்தையும் அடிக்கடி எழுதுகிறார். அறிவு இரண்டு இடத்திலும் ஒன்றுதான், படிப்பும் ஒன்றுதான். கேட்பாரில்லாத இடத்தில் அந்த அறிவு உறங்குகிறது.

வேஷதாரி நோயாளியை அனுப்பும் வசதி நமக்கில்லை என்றாலும், பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு வைத்தியசாலையே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். எந்த நிலையத்திலும் இரத்த அழுத்தப் பதிவேடு ஒன்று இருக்கும். அதை ஒரு பக்கம் மேலிருந்து கீழாகப் படித்துப் பாருங்கள். 120/80, 130/80, 140/90, 130/80, 120/80 என்று எண்கள் எல்லாம் பூஜ்யத்திலேயே முடிந்தால், அங்கே அளவு எடுக்கப்படவில்லை, எழுதப்படுகிறது என்று பொருள். பாதரசக் கருவியில் எண்கள் இரண்டிரண்டாக ஏறுவதால், உண்மையாக அளந்தவற்றில் ஐந்துக்கு ஒன்றுதான் பூஜ்யத்தில் முடிய நியாயமுண்டு. எண் காட்டும் மின்கருவியிலோ பத்துக்கு ஒன்று. அளக்கும் முறையையும் கவனியுங்கள். வெயிலில் நடந்துவந்த மனிதரை ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காரவைத்து, காலைத் தரையில் ஊன்றச் சொல்லி, கையை மேஜைமேல் இருதயத்தின் மட்டத்துக்கு வைத்து, பேசாமல் இருக்கச் சொல்லி, இரண்டு தடவை அளக்க வேண்டும் என்பது சாஸ்திரம். முதுகு சாயாத ஸ்டூலில் உட்காரவைத்து, முழுக்கைச் சட்டையின் மேலேயே பட்டையைச் சுற்றி, 'அடுத்து யாரு?' என்று கேட்டுக்கொண்டே அளப்பது நடைமுறை. இந்த அளவை நம்பித்தான் ஒருவர் ஆயுள் முழுதும் மாத்திரை சாப்பிடப்போகிறார், அல்லது சாப்பிட வேண்டியவர் சாப்பிடாமல் வீட்டுக்குப் போகப்போகிறார்.

தடுப்பூசி வைத்திருக்கும் குளிர்பெட்டியும் அப்படித்தான். அதன் உஷ்ணம் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று காலையும் மாலையும் பார்த்து எழுத வேண்டும்; மின்சாரம் நின்ற நாட்களிலும், ஞாயிற்றுக்கிழமையிலும், மாதம் முழுவதும் ஒரே பேனாவால் 4, 4, 4 என்று எழுதியிருக்குமானால், அந்தக் காகிதம் பெட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, எழுதியவரைப் பற்றித்தான் சொல்கிறது. ஏடு பொய் சொன்னாலும் குப்பி சொல்லாது. அதன்மேல் ஒட்டியிருக்கும் சிறு வட்டத்துக்குள் உள்ள சதுரம், சூடு பட்டுப் பட்டு, வட்டத்தின் நிறத்துக்குக் கறுத்துவிட்டால் அந்த மருந்தைக் குழந்தைக்குப் போடக் கூடாது. தாய்மார்கள் கேட்டால் நர்சம்மா அதைக் காட்டுவார், கேட்பவர்தான் இல்லை.

எல்லாவற்றிலும் அதிகமாக வைத்தியசாலையின் குணத்தைக் காட்டுவது மாத்திரை கொடுக்கும் ஜன்னல் என்பது என் அபிப்பிராயம். ஒரு கிராமத்து நிலையத்தில், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு மூதாட்டி நின்றார். "ஏம்ப்பா, போன மாசம் ரோஸ் கலர்ல குடுத்தீங்க, இது வெள்ளையா இருக்கே?" என்றார். உள்ளே இருந்த மருந்தாளுநர், பின்னால் இருபது பேர் நின்ற போதிலும், "கம்பெனி மாறியிருக்கு பாட்டி, மருந்து அதேதான். வீட்டுல ரோஸ் மாத்திரை மிச்சம் இருக்கா?" என்று கேட்டார். "இருக்கு, பத்துப் பன்னெண்டு." "அப்ப அதை முதல்ல முடிச்சிடுங்க. ரெண்டையும் சேர்த்துப் போட்டுடாதீங்க. எப்படிப் போடுவீங்க, சொல்லுங்க பாக்கலாம்?" பாட்டி சொன்னார்: காலையில் இட்டிலிக்குப் பிறகு ஒன்று, ரோஸ் தீர்ந்த பிறகு வெள்ளை. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிடம் இல்லாத இடத்தில், அந்தப் பாட்டி இரண்டு நிற மாத்திரையையும் சேர்த்து விழுங்கி, தலை சுற்றி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கக் கூடும். அல்லது, நிறம் மாறிய மாத்திரை யாருக்கோ உரியது என்று கட்டி மாடத்தில் வைத்திருக்கக் கூடும். குறளில் மருந்து அதிகாரத்தின் கடைசிப் பாட்டு, மருத்துவத்தின் நான்கு அங்கங்களில் ஒன்றாக, மருந்தை அருகிருந்து கொடுப்பவனையும் எண்ணியிருக்கிறது. நம் சான்றிதழ்க் குழுக்களோ மருந்து அறையில் பூச்சிவலை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகின்றன.

மூன்றாவது வாயிலுக்கு வருவோம். என்னுடைய வழக்கு முழுவதும் இதைப் பற்றியதுதான். அம்மை, காலரா, பிளேக் என்று கொள்ளைநோய்கள் ஊரைக் காலி செய்த காலத்தில் வைத்தியசாலையின் பலனைக் கண்ணால் காண முடிந்தது. இன்று நம் மக்களை அதிகமாகக் கொல்வதும் முடமாக்குவதும், வலியே இல்லாமல் பல ஆண்டு உடம்புக்குள் குடியிருக்கும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும். இவற்றில் ராசிக்கு வேலையில்லை. மாத்திரை சாப்பிட்டவருக்கு உடனே எந்தச் சுகமும் தெரியாது; சாப்பிடாதவருக்கு எந்தக் கஷ்டமும் தெரியாது; பத்தாண்டு கழித்து ஒரு விடியற்காலையில் ஒருவருக்குக் கைகால் விழுந்துவிடுகிறது, மற்றவருக்கு விழுவதில்லை. விழாமல் போனதற்காக எந்த வைத்தியருக்கும் யாரும் மாலை போடுவதில்லை, விழாத பக்கவாதத்தைப் பார்த்தவர் இல்லாதபடியால்.

2020இல் தமிழ்நாட்டில் 18 முதல் 69 வயது வரை உள்ளவர்களிடம் நடந்த ஆய்வில், மூன்றில் ஒருவருக்கு இரத்த அழுத்தம் இருப்பதும், அவர்களுள் அதைக் கட்டுக்குள் வைத்திருப்பவர்கள் நூற்றுக்கு 7.3 பேர் மட்டுமே என்பதும், சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருப்பவர்கள் நூற்றுக்கு 10.8 பேர் என்பதும் தெரியவந்தன. முப்பதாயிரம் பேருக்கான ஒரு நிலையத்தின் எல்லையில் பெரியவர்கள் இருபதினாயிரம் பேர் என்று வைத்துக்கொண்டால், ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு அழுத்தம். அதில் கட்டுக்குள் இருப்பவர்கள் ஐந்நூறு பேர்கூடத் தேற மாட்டார்கள். கட்டடமும் உண்டு, மாத்திரையும் உண்டு, டாக்டரும் உண்டு, பலன் இவ்வளவு. 2021 ஆகஸ்டு 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம், பெண் தன்னார்வலர்கள் மூலம் வீட்டு வாசலுக்கே மாத்திரையைக் கொண்டுசேர்க்க முற்பட்டது. அதன் பின் நடந்த இரண்டாம் சுற்று ஆய்வில் இரண்டு விகிதங்களும் நூற்றுக்குச் சுமார் 17 ஆக உயர்ந்தன. இது மெச்சத்தக்க உயர்வு. ஆனாலும் அறுவரில் ஐவர் இன்னும் கரைக்கு வெளியே நிற்கிறார்கள் என்பதையும், இந்தக் கணக்கு மாநிலம் முழுவதற்கும் கிடைக்கிறதே தவிர, என் ஊர் நிலையத்துக்கு எவ்வளவு, உங்கள் ஊர் நிலையத்துக்கு எவ்வளவு என்று அங்கங்கே வாழும் ஜனங்களுக்குச் சொல்லப்படுவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஒரே ஒரு வைத்தியர், ஒரே ஒரு கிராமத்தில், இந்தக் கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டு என்ன சாதிக்க முடியும் என்பதற்கு ஜூலியன் டியூடர் ஹார்ட்டின் வாழ்க்கை சாட்சி. தெற்கு வேல்ஸில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்த க்ளின்கோரக் என்ற சுமார் இரண்டாயிரம் பேர் கொண்ட ஏழைக் கிராமத்துக்கு 1961இல் வந்து சேர்ந்த அவர், தம்மிடம் வருகிறவர்களைப் பார்த்து அனுப்புவதோடு நில்லாமல், 1968 முதல், வராதவர்களையும் தேடிப்போய், ஊரிலுள்ள பெரியவர்கள் ஏறக்குறைய அனைவரின் இரத்த அழுத்தத்தையும் அளந்து ஏட்டில் எழுதினார். அவர்களைக் கால் நூற்றாண்டு விடாமல் பின்தொடர்ந்தார். எங்கே வைத்தியம் அதிகம் தேவையோ அங்கே அது குறைவாகவே கிடைக்கிறது என்று 1971இல் லான்செட் பத்திரிகையில் அவர் எழுதியது இன்று உலகெங்கும் ஒரு விதி என்றே பேசப்படுகிறது. நம்மூர் வைத்தியக் கல்லூரிகளிலும் கற்பிக்கிறார்கள். அதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, 1991இல் அவர் வெளியிட்ட கணக்கு: இத்தகைய ஏற்பாடு இல்லாத பக்கத்துக் கிராமத்தோடு ஒப்பிட்டால், க்ளின்கோரக்கில் 65 வயதுக்குள் இறப்பவர்களின் விகிதம் கால்பங்குக்கும் மேல் குறைந்திருந்தது. உடல் பருத்து, புகை பிடித்து, அழுத்தமும் ஏறியிருந்த ஒரு தொழிலாளியை இருபத்தைந்து ஆண்டுகளில் முந்நூறு தடவைக்கு மேல் பார்த்ததைப் பற்றி எழுதும்போது, அந்த முந்நூறு சந்திப்புகளின் பலன் நிகழாமற்போன பக்கவாதமும் நிகழாமற்போன மாரடைப்புமே என்று அவர் திருப்தியோடு குறிப்பிட்டார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரு நாற்காலியும் மேஜையும் உள்ள சாதாரண வைத்தியசாலை. தரச்சான்று ஏதும் சுவரில் தொங்கவில்லை.

ஆகவே, உள்ளூர் வைத்தியசாலையின் தரத்தைப் பற்றி என்னிடம் கேட்டால், வந்தவர்களை அது எப்படி நடத்தியது என்பதைவிட, வர வேண்டியவர் வராமற்போனபோது அது என்ன செய்தது என்பதையே முதலில் விசாரிப்பேன். இம்மாதம் மாத்திரை வாங்க வர வேண்டியவர்கள் எத்தனை பேர், வந்தவர்கள் எத்தனை பேர், வராதவர் வீட்டுக்கு யார் போனார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கும் நிலையம், பெயிண்ட் உதிர்ந்திருந்தாலும் நல்ல நிலையம். வெளிநோயாளிச் சீட்டு ஒரு நாளைக்கு இருநூறு கிழிகிறது என்று பெருமை பேசும் நிலையத்தின் தரம் அந்த இருநூறில் இல்லை.

வைத்தியர்கள் தரப்பில் ஆட்சேபம் எழும், அதில் நியாயமும் உண்டு. ஒரே டாக்டர் காலை முழுவதும் புறநோயாளிகளைப் பார்த்து, மதியம் பள்ளிக்கூடத்துக்கும் முகாமுக்கும் ஓடி, இரவில் கணினியில் பதினெட்டு வகை அறிக்கையை நிரப்ப வேண்டியிருக்கும்போது இன்னொரு கணக்கா என்று அவர் கேட்பார். கணக்கு அதிகமாகிவிட்டது என்பதே என் முறையீடும். தேவையான ஒன்றை மேலே கொண்டுவந்து, தேவையற்ற பதினேழைக் கைவிட வேண்டும். இன்னொரு ஆட்சேபம் இதைவிட ஆழமானது: எந்த எண்ணுக்குப் பரிசும் தண்டனையும் கட்டுகிறோமோ அந்த எண் விரைவில் கெட்டுப்போகும். பிரிட்டனில் 2004இல், அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்த விகிதம் போன்ற எண்களுக்கேற்பக் குடும்ப வைத்தியர்களுக்குப் பணம் தரத் தொடங்கியபோது, காரணம் காட்டிச் சில நோயாளிகளைக் கணக்கிலிருந்து விலக்கிக்கொள்ள இடம் வைக்க வேண்டியிருந்தது. அந்த இடமே ஓயாத சந்தேகத்துக்கு இடமாயிற்று. 2014இல், அந்நாட்டுக் கண்காணிப்பு ஆணையம் வைத்தியசாலைகளை எண்களைக் கொண்டு ஆறு படிகளாகப் பிரித்துப் பகிரங்கப்படுத்தி, ஒரு மாதத்துக்குள் கணக்கில் பிழை கண்டு மன்னிப்புக் கேட்டு, மறு ஆண்டு அந்தப் படிகளையே எடுத்துவிட்டது. எனவே, படிக்கட்டும் பரிசும் வேண்டாம். எண்ணை மறைக்காமல் ஊருக்குச் சொன்னால் போதும். குறைவாக இருப்பதற்கான காரணத்தை டாக்டரே எழுந்து சொல்லட்டும், நர்சு பணியிடம் இரண்டு வருஷமாகக் காலி என்றால் அதையும் சொல்லட்டும். அப்போது அந்தக் குறையைத் தீர்க்கும்படி மேலே எழுதுவதற்கு அவரோடு ஊரும் சேர்ந்துகொள்ளும்.

தனியார் கிளினிக்குகளுக்கு இந்த நியாயம் பொருந்தாதா என்றால், பொருந்தும். ஆனால் அங்கே யார் யாருடைய நோயாளி என்ற பதிவேடே இல்லாதபோது, வராதவரை எங்கே தேடுவது? ஒரே வைத்தியரிடம் தொடர்ந்து காட்டுவது, பழைய சீட்டைப் பத்திரமாக வைத்திருந்து ஒவ்வொரு தடவையும் கொண்டுபோவது, எழுதிய மாத்திரை எதற்காக என்று கேட்பது ஆகிய மூன்றும் நோயாளியே செய்துகொள்ளக் கூடியவை. கேட்டால் கோபித்துக்கொள்ளும் வைத்தியரை விட்டு விலகுவதும் அவர் கையில்தான் இருக்கிறது.

சர்க்கார் நிலையத்தின் விஷயத்திலோ கேட்பதற்கு மேடையே உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு தடவை கிராம சபை கூடுகிறது. தெருவிளக்கையும் குடிநீர்க் குழாயையும் பற்றிப் பேசி முடித்த பிறகு, யாராவது ஒருவர் எழுந்து, நம் நிலையத்தின் எல்லையில் அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்கள் எத்தனை பேர், அவர்களில் கட்டுக்குள் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று இரண்டே எண்களைக் கேளுங்கள். பதில் வந்தால் அதை நிலையத்தின் வாசல் பலகையில், டாக்டர் பெயருக்குக் கீழே, எழுதிவைக்கும்படி தீர்மானம் போடுங்கள். பதில் வராவிட்டால், அடுத்த கூட்டத்திலும் கேளுங்கள்.